திருச்சியில் பிறந்த சிப்பாய் இடம்

பாகிஸ்தான் ராணுவக் காலாட்படையின் மிக மூத்த பட்டாலியன், பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். லாகூர்க்காரர்களுக்கும் ராவல்பிண்டிக்காரர்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அது பிறந்தது திருச்சிராப்பள்ளியில், 1759-ல். அன்று அதன் வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள், தெலுங்கர்கள், ஆற்காட்டுச் சீமை முஸ்லிம்கள்.

திருச்சியிலிருந்து யாரும் பெட்டி படுக்கையோடு அந்தப் பக்கம் போகவில்லை. போனது இடம் மட்டும். அரசாங்கம் ஒரு பட்டாலியனுக்கு இத்தனை சிப்பாய், இத்தனை நாயக், இத்தனை ஹவில்தார் என்று எழுதி, அதற்குச் சம்பளம் ஒதுக்கிவிட்டால் அவ்வளவு இடங்கள் பிறந்துவிடுகின்றன. அதில் நிற்பவன் ஓடிப்போகலாம், சாகலாம், ஓய்வு பெறலாம். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட்டைப் போல இடம் அப்படியே இருக்கும். நம் ராணுவத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் கிடைக்கும் எண் பெரும்பாலும் ஆட்களின் எண்ணாக இருக்காது. இடங்களின் எண்ணாகவே இருக்கும். திருச்சியில் பிறந்த அந்த இடத்தின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த இந்தியச் சிப்பாய்கள் தனித்தனிக் குழுக்களாக, தங்கள் சுபேதார்களின் கீழ் இருந்தார்கள். நல்ல சுபேதார் அமைந்தால் நல்ல குழு. இல்லாவிட்டால் சம்பளப் பட்டியலில் மட்டும் உள்ள குழு. யூசுப் கான் என்கிற மருதநாயகம் அந்தச் சுபேதார்களில் தலையாயவர். பிற்பாடு கம்பெனிக்கே எதிரியாகி, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். முற்றுகையில் கற்ற பாடத்தால் இந்தக் குழுக்களைச் சேர்த்துக் கட்டி எண் கொடுக்கப்பட்ட பட்டாலியன்களாக்கினார்கள். கோஸ்ட் சிப்பாய்கள் என்று பெயர். கோஸ்ட் என்றால் சோழமண்டலக் கரை. அதில் மூன்றாம் பட்டாலியன்தான் நம்முடையது.

எண் கொடுத்ததும் இடம் நிலைபெற்றது. கூடவே ஒரு பழைய வியாதியும் ஒட்டிக்கொண்டது. சிப்பாய் இறந்தால் அல்லது ஓடிப்போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காமல், அவன் சம்பளத்தை மேலே உள்ளவர் வாங்கிக்கொள்வது. அந்தக் காலத்து எல்லாப் படைகளிலும் இது நடந்தது. அதனால்தான் மாதாமாதம் ஆளை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணும் சடங்கு பிறந்தது. இங்கிலாந்தின் கடற்படையோ இந்தப் பொய்யையே சட்டமாக்கியது. 1733-லிருந்து ஒவ்வொரு போர்க்கப்பலிலும் நூறு ஆளுக்கு இரண்டு பேர் வீதம், உலகத்திலேயே இல்லாத மாலுமிகளைப் பட்டியலில் எழுதினார்கள். அவர்களுடைய சம்பளம் இறந்த மாலுமிகளின் விதவைகளுக்கான நிதிக்குப் போனது. 1829 வரை இந்த ஆளில்லாத ஆட்கள் கப்பலில் பயணம் செய்தார்கள். ஆளில்லாத இடத்தால் உலகில் நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மதராஸ் படையின் சிப்பாய்களிடம் ஒரு தனிப் பழக்கம் இருந்தது. வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவான். மதராஸ் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளோடு லைனில் குடியிருப்பான். படை நகர்ந்தால் குடும்பமும் நகரும். சிப்பாயின் மகனைச் சிறு வயதிலேயே குறைந்த சம்பளத்தில் பட்டியலில் சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு. ஆக, அந்த இடம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்து மாதிரி ஆயிற்று. 1806-ல் வேலூரில் புதிய தொப்பியையும் மீசை, தாடி, நெற்றிக்குறி பற்றிய ஆணைகளையும் எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்தபோது, அவர்கள் பணயம் வைத்தது தங்கள் உயிரை மட்டுமல்ல, பிள்ளைகளின் பிழைப்பையும்.

படையைச் சுற்றி இன்னொரு படை இருந்தது. மாட்டுக்காரர், தண்ணீர்க்காரர், சமையல்காரர், சலவைக்காரர், டோலி தூக்குவோர், கடை போடுவோர், அரிசி மூட்டை சுமக்கும் பொதிமாடுகளோடு பஞ்சாராக்கள். 1791-ல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போனபோது சண்டை போடுபவர்களைவிடப் பின்னால் போனவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களில் மிகச் சிலருக்கே பட்டியலில் இடம். இன்று ராணுவப் பணியாளர், சிவிலியன் பணியாளர் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் கணக்குக் காட்டுகிறார்களே, அந்தக் கோடு அங்கேதான் மங்கலாகப் போடப்பட்டது. அந்தக் கோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

1857 வந்தது. மதராஸ் படை பெரும்பாலும் கலகத்தில் சேரவில்லை. பின்னர் அமைந்த பீல் கமிஷன் ஒரு விகிதம் சொன்னது: வங்காளத்தில் இரண்டு இந்தியச் சிப்பாய்க்கு ஒரு வெள்ளைச் சிப்பாய், மதராஸிலும் பம்பாயிலும் மூன்றுக்கு ஒன்று போதும். தென்னாட்டான்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. சண்டை நடந்த வடமேற்கு எல்லை வெகுதூரம்; தெற்கே நீண்ட அமைதி. ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதி. அதன்பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும். சுகமான வாழ்க்கை தென்னாட்டுச் சிப்பாயின் பழைய வீரத்தை மழுங்கடித்துவிட்டது என்பது அவர் முடிவு. ரஷ்யாவோடு மோத வேண்டி வந்தால் பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும்தான் தேவை என்றார். போர்க்குடிகள் என்ற கொள்கை இப்படித்தான் அரசாங்கக் கோப்பில் ஏறியது. அமைதியாக இருந்ததே குற்றமாகிவிட்டது. அதே காலத்தில் பர்மாவிலும் சீனாவிலும் போய்ச் சண்டையிட்டு வந்த ரெஜிமெண்டுகள் மதராஸில் இருந்தன. அவற்றின் விருதுகளைக் கோப்பு எழுதியவர்கள் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே நம் இடம் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய திருப்பத்துக்கு வருகிறது. பட்டாலியனைக் கலைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அரசாங்கம் அப்படிச் செய்யவில்லை. இடத்தை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றியது. 1890-களில் தொடங்கி, மதராஸ் ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகப் பஞ்சாபிகளால் நிரப்பப்பட்டன. 1903-ல் அப்போதைய தலைமைத் தளபதி கிச்சனர் எல்லா ரெஜிமெண்டுகளுக்கும் ஒரே வரிசையில் எண் போட்டபோது மதராஸ் எண்களோடு அறுபதைக் கூட்டினார். மதராஸ் இரண்டாம் ரெஜிமெண்ட் ஆகியிருந்த நம் திருச்சிப் பட்டாலியன் அப்படித்தான் 62-ஆவது பஞ்சாபிகள் ஆனது. சில ஆண்டுகளில் அதன் வரிசையில் பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர்கள், ராஜபுத்திரர்கள். கொடியில் பழைய தென்னாட்டுப் போர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன. 1915 பிப்ரவரியில் சூயஸ் கால்வாயைக் கடக்க வந்த துருக்கியரை 62-ஆவது பஞ்சாபிகள் எதிர்த்து நின்றபோது, அதில் திருச்சிக்காரன் இல்லை.

மிஞ்சிய தென்னாட்டுப் பட்டாலியன்களின் பெயர்களைப் படித்தால் ஊர் வாசனை அடிக்கும்: 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 75-ஆவது கர்நாடிக். முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து சண்டைக்கென்று சேர்ந்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம். மதராஸ் மாகாணத்திலிருந்து ஐம்பதாயிரத்துச் சொச்சம். சண்டை போடாத வேலைக்கு மட்டும் மதராஸ் இன்னும் நாற்பதாயிரம் பேரைக் கொடுத்தது. 1922-ல் பட்டாலியன்களை ஒன்றுசேர்த்து மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்ட் என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் அதையும் கலைத்துவிட்டார்கள். சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் மட்டும் தென்னாட்டுக்காரனுக்கு இடம் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போருக்கு இருபத்தைந்து லட்சம் பேர் தேவைப்பட்டபோது போர்க்குடிகள் போதவில்லை. கொள்கையை யாரும் திரும்பப் பெறவில்லை. மதராஸ் ரெஜிமெண்ட் மட்டும் திரும்பப் பிறந்தது. இன்று வெலிங்டனில் அதன் மையம். 'வீர மதராசி, அடி கொல்லு' அதன் போர்முழக்கம். மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் அவர்களைத் தம்பிகள் என்கிறார்கள்.

1947-ல் நாட்டைப் போலவே இடங்களையும் பிரித்தார்கள். ராணுவத்தை ஏறக்குறைய இரண்டு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கும் என்று பங்கிட்டார்கள். 62-ஆவது பஞ்சாபிகள் அதற்குள் முதலாம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆகியிருந்தது. அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. இரண்டாம் பஞ்சாப் ரெஜிமெண்ட் இந்தியாவுக்கு வந்தது. அதன் மூத்த பட்டாலியன்களும் 1760-களில் மதராஸ் கரையில் பிறந்தவையே. பிரிந்த கணத்தில் ஆளும் இடமும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. பாகிஸ்தானுக்குப் போன பட்டாலியனிலிருந்து சீக்கியர்களும் ராஜபுத்திரர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். இந்தியாவுக்கு வந்த பட்டாலியனிலிருந்து முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். காலியான இடங்களை இரு அரசாங்கங்களும் தத்தம் ஆட்களால் நிரப்பின. 1956-ல் பாகிஸ்தான் தன்னிடமிருந்த நான்கு பஞ்சாப் ரெஜிமெண்டுகளை ஒன்றாக்கியது. நம் இடம் இன்று இருப்பது அங்கே. இந்தியப் பஞ்சாப் ரெஜிமெண்டின் பழைய போர் விருதுகளில் சோளிங்கர் இருக்கிறது. 1781-ல் ஹைதர் அலியோடு நடந்த சண்டை. யோக நரசிம்மரைச் சேவிக்க மலையேறுகிறவர்களுக்கு லூதியானாப் பக்கத்துச் சிப்பாய் ஒருவனின் ரெஜிமெண்ட் வரலாற்றில் தங்கள் ஊர் உண்டு என்பது தெரிந்திருக்குமா?

பாகிஸ்தானுக்குப் போனதை அங்கேயே விட்டுவிட்டு, இந்தியாவில் நின்ற அதன் பங்காளிகளைப் பின்தொடர்வோம்.

1962-ல் இந்திய ராணுவத்தில் சுமார் ஐந்தரை லட்சம் பேர். சீனாவிடம் பட்ட அடிக்குப் பின், 1964-ல் போட்ட ஐந்தாண்டுத் திட்டம் 8,25,000 என்று இலக்கு வைத்தது. மலைப் போருக்கென்றே பத்து டிவிஷன்கள். சிப்பாய் கிடைத்துவிடுவான், அதிகாரி கிடைப்பது கடினம். அவசரக் கமிஷன் என்று இளைஞர்களை அள்ளி எடுத்து, சில மாதப் பயிற்சியில் அதிகாரிகளாக்கினார்கள். 1963-ல் சென்னை பரங்கிமலையில் அதற்கென்று ஒரு பள்ளி திறந்தது. இன்றைய ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி அதுதான். 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவசரம் முடிந்ததும் அந்த அதிகாரிகளில் பெரும்பகுதியை வெளியே அனுப்பினார்கள். அனுப்பியபோது ஐ.ஏ.எஸ். போன்ற தேர்வுகளில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கினார்கள். ராணுவத்தில் ஒழிந்த இடத்துக்குக் கலெக்டர் ஆபீசில் மாற்று இடம். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த இடங்களைக் குறைப்பது எளிதல்ல. குறைப்பதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வாய்ப்பதே இல்லை. 1998-ல் ராணுவத் தளபதி வி.பி. மாலிக் 50,000 இடங்களைக் குறைத்து அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கலாம் என்று முன்வந்தார். அடுத்த கோடையில் கார்கில். குறைப்புத் திட்டம் மூலைக்குப் போனது. 2013-ல் சீன எல்லைக்கென்று புதிய மலைத் தாக்குதல் கோர் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. சுமார் 90,000 இடங்கள். அதே சீனா 2015 செப்டம்பரில் தன் படையில் மூன்று லட்சம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நாம் கூட்டிக்கொண்டிருந்தபோது எதிராளி குறைத்தான்.

இப்போது அந்த மங்கலான கோட்டுக்கு வருவோம்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவில் சேர்க்கப்பட்ட சுமார் 14.4 லட்சம் பேரில் 5.6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சண்டை போடாதவர்கள்: கோவேறு கழுதை ஓட்டியவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள், துப்புரவு செய்தவர்கள். நினைவுச் சின்னங்களில் அவர்கள் பெயர் குறைவு. சுதந்திரத்துக்குப் பின் இந்த வேலைகளில் ஒரு பகுதி சீருடைக்குள் வந்தது, ஒரு பகுதி சிவிலியன் பணியிடமாக வெளியே நின்றது. எம்.இ.எஸ். எனப்படும் கட்டடப் பிரிவு, கிடங்குகள், ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்து ஆலை, திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை என்று தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு ராணுவம் என்றால் சீருடை இல்லாத இந்த இடம்தான். ஷிஃப்ட் சங்கு, குவார்ட்டர்ஸ், கேந்திரிய வித்யாலயா.

ஏழாவது ஊதியக் குழு கணக்கெடுத்தபோது பாதுகாப்புத் துறையின் சிவிலியன் பணியிடங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று காலி, 1.8 லட்சத்துக்கும் மேல். எல்லையில் ஒரு பட்டாலியனில் மூன்றில் ஒரு பங்கு காலி என்றால் நாடே அலறியிருக்கும். கிடங்கிலும் பட்டறையிலும் காலி என்றால் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்புவார். வேலை நடக்கும், இடம் மட்டும் சத்தமில்லாமல் சாகும்.

சில சமயம் ஒரு கையெழுத்தில் சாகும். பாதுகாப்புத் தளவாட ஆலைகள் 41. அவற்றில் சுமார் 70,000 ஊழியர்கள். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி அவற்றை நடத்திய வாரியம் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிந்தது. அவற்றில் கவச வாகனக் கம்பெனிக்குத் தலைமையகம் ஆவடி. முந்தைய நாள் போன அதே கேட், அதே இயந்திரம், அதே டீ நேரம். ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே கம்பெனிக்கு அயல்பணியில் வந்தவர்கள் என்று தற்காலிகமாக ஓர் ஏற்பாடு. இனி புதிதாகச் சேர்கிறவன் கம்பெனி ஆள். எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே, அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்திருந்தது. நாளை யாராவது பாதுகாப்புத் துறையின் சிவிலியன் எண்ணிக்கை வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். ஆலைக்குள் நின்று பார்த்தால் தெரியாது.

மாட்டுப் பண்ணைகளின் கதை கொஞ்சம் வேறு. 1889-ல் அலகாபாத்தில் ராணுவம் தன் முதல் பால் பண்ணையைத் தொடங்கியது. சிப்பாய்க்குச் சுத்தமான பால் கிடைக்க வேண்டும்; அக்கால நகரப் பாலை நம்ப முடியாது. சுதந்திரத்தின்போது நாடெங்கும் 130 பண்ணைகள், சுமார் 30,000 மாடுகள். பெங்களூர்ப் பண்ணை பின்னால் பால்வள ஆராய்ச்சி நிலையமாகி, 1927-ல் காந்தி அங்கே மாடு வளர்ப்பு கற்கப் போனார். அமுல் வந்து, ஆவின் வந்து, தெருமுனையில் பாக்கெட் பால் கிடைத்த பிறகும் ராணுவத்தில் பால் கறக்கும் இடம் இருந்துகொண்டே இருந்தது. 2021 மார்ச் 31-ஆம் தேதி டெல்லி கண்டோன்மெண்டில் கொடி இறக்கி மூடினார்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தேவை போய் முப்பது நாற்பது வருடம் கழித்தாவது ஓர் இடம் போனது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பாமல் அமைச்சகத்துக்குள்ளேயே வேறு வேலைக்கு மாற்றினார்கள் என்பதும் நல்லதே.

எந்தப் பத்தியிலும் இல்லாதவர்கள் உண்டு. மிலிட்டரி கேன்டீன் எல்லோருக்கும் தெரியும். யூனிட் நடத்தும் அந்தக் கேன்டீனில் பில் போடுகிறவர் அரசு ஊழியரா? 2001-ல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 2009-ல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு இல்லை என்றது. லடாக்கில் பனியை வெட்டி ராணுவத்துக்குச் சாலை போடுகிறவர்களில் பெரும்பகுதி ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து பருவத்துக்கு வரும் கூலிகள். சியாச்சினில் மூட்டை சுமக்கிறவர்கள் உள்ளூர்ப் போர்ட்டர்கள். கார்ன்வாலிஸின் பொதிமாட்டுக்காரர்களைப் போலத்தான், படை இவர்கள் தோளில் நகர்கிறது, பட்டியல் இவர்களைத் தாண்டிப் போகிறது.

சீருடை இடத்துக்கு 2020-ல் வந்தது பெரிய சோதனை. அதுவரை வழக்கம் எளிது. ஆண்டுக்கு ஐம்பது அறுபதாயிரம் பேர் ஓய்வு பெறுவார்கள். அந்த அளவுக்கு ராலி நடத்தி எடுப்பார்கள். எந்த மாநிலத்துக்கு எத்தனை என்பது அங்கே சேரத் தகுந்த ஆண்களின் தொகையைப் பொறுத்தது. ராபர்ட்ஸின் கொள்கைக்கு எதிராகச் சுதந்திர இந்தியா வைத்த விடை இந்த விகிதம். விடை முழுமையானதல்ல, பல ரெஜிமெண்டுகள் இன்றும் சாதி, இன, பிரதேச அடிப்படையில்தான் ஆள் எடுக்கின்றன. 2018-19-ல் 53,431 பேர், 2019-20-ல் 80,572 பேர் என்று ராணுவம் எடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டும் யாரையும் எடுக்கவில்லை. கோவிட் என்றார்கள். அதே காலத்தில் தேர்தல் பொதுக்கூட்டங்கள் நடந்தன என்பதைப் பையன்கள் கவனிக்காமல் இல்லை. ஓய்வு பெறுகிறவர்கள் பெற்றுக்கொண்டே இருந்தார்கள். காலியிடம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஓட்டத்திலும் மெடிக்கலிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

2022 ஜூன் 14-ஆம் தேதி அக்னிபாத் வந்தது. நான்கு ஆண்டுப் பணி. முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரம். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது. முதல் ஆண்டு சம்பளம் மாதம் 30,000. அதில் பத்தில் மூன்று பங்கை நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். முந்தைய ராலிகளில் தேறியவர்களும் முதலிலிருந்து வர வேண்டும். பீகாரில் ரயில்கள் எரிந்தன. செகந்திராபாத் ஸ்டேஷனில் துப்பாக்கிச் சூடு வரை போனது. கோபத்தில் இருந்தவர்களைச் சமாதானப்படுத்த அந்த ஒரு வருடத்துக்கு வயது வரம்பு 21-லிருந்து 23 ஆனது. வழக்குகள் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தோடு முடிந்தன.

அரசின் கணக்கைப் புரிந்துகொள்ள முடியும். 2024-25 பாதுகாப்பு பட்ஜெட் ஆறு லட்சத்து இருபத்தோராயிரம் கோடி. அதில் சம்பளமும் படியும் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். ஓய்வூதியம் மட்டும் இருபத்திரண்டுக்கு மேல். ஆயுதம் வாங்கவும் பிற மூலதனச் செலவுக்கும் இருபத்தெட்டுக்கும் குறைவு. திட்டம் வந்தபோது சிப்பாயின் சராசரி வயது 32. அதைக் குறைக்க வேண்டும் என்பதும் நியாயமான எண்ணமே. பதினேழு வருடம் வேலை செய்து முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிறவனுக்கு நாற்பது வருடம் ஓய்வூதியம் தர வேண்டியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி, விவாதித்துச் செய்திருக்கலாம். இளமை, ஒழுக்கம், தேசபக்தி என்று பூசி மெழுகியதில்தான் நம்பிக்கை போனது. குறைத்தது ஆளை இல்லை, இடத்தின் ஆயுளை. வரிசையில் அதே எண்ணிக்கை நிற்கும்; நிற்கிறவன் மட்டும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதியவனாக இருப்பான். 1759-லிருந்து இந்த இடத்தை ஓர் ஆள் ஒரு வாழ்க்கைத் தொழிலாகப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அது இப்போது கழன்றுவிட்டது.

நேபாளம் இதை முதலில் புரிந்துகொண்டது. கூர்க்கா ரெஜிமெண்டுகள் ஏழு; அவற்றில் நேபாளத்தவர் அறுபது, இந்தியக் கூர்க்காக்கள் நாற்பது என்பது நெடுங்கால வழக்கம். 1947-ல் மூன்று நாடுகள் செய்த உடன்பாட்டில் நிற்பது அது. நான்கு வருடத்தில் திரும்பி வரும் ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞர்களை என்ன செய்வது என்று காத்மாண்டு யோசித்தது. 2022 ஆகஸ்ட்டில் ஆளெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னது. அன்றிலிருந்து நேபாளத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த இடங்களில் இப்போது உத்தரகாண்டின் குமாவோன், கட்வால் பையன்கள் நிற்கிறார்கள். ஆள் மாறி இடம் நிற்பது திருச்சிப் பட்டாலியனுக்குப் புதிதல்ல.

அக்னிவீரர்களின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. 2026 முடிவில் அவர்களின் நான்கு ஆண்டு நிறைகிறது. வெளியேறுகிறவர்களுக்கு சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் நூற்றுக்குப் பத்து ஒதுக்கீடு என்று உள்துறை 2022-ல் சொன்னது. சில மாநிலங்கள் போலீசில் ஒதுக்கியிருக்கின்றன. அவசரக் கமிஷன் அதிகாரிகளுக்கு அறுபதுகளில் செய்த அதே ஏற்பாடு. மத்தியப் படைகளிலும் 2024-ல் ஒரு லட்சத்தை ஒட்டிக் காலியிடம் இருந்தது, ஆகவே கதவு திறந்திருக்கிறது. ஆனால் 2004 ஜனவரி 1-க்குப் பின் அந்தப் படைகளில் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். அன்று பழைய ஓய்வூதியம் தொடரும் என்று விலக்குக் கிடைத்தது முப்படைச் சீருடைக்கு மட்டும்தான். அந்த விலக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. நான்கில் மூன்று அக்னிவீரர்கள் அதற்குள் நுழையாமலே வெளியே வருவார்கள்.